இரண்டு முகத்துக்கும் ஒரே வார்

மழை முடிந்தும் பனி வராமல் வானம் நடுவாந்தரத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில், கட்டளைப்பேட்டை மத்தளக்காரத் தெருவில் ஜெபமாலையக்கா பட்டறைக் கதவைத் திறந்தபோது, உள்ளே தொங்கிய, சாய்ந்திருந்த, அடுக்கியிருந்த அத்தனை மேளங்களும் யாரும் தொடாமலே மெல்ல அடித்துக்கொண்டிருந்தன, அவள் முதலில் எலி என்று நினைத்தாள், பிறகு ஈரக்காற்று என்று நினைத்தாள், பிறகு ஒன்றும் நினைக்காமல் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு எதிரே இருக்கும் என் மளிகைக் கடைக்கு வந்து, "கனி, டீத்தூள் ஒரு பொட்டலம் குடு. மேளமெல்லாம் மூச்சு விடுது" என்றாள்.

"விடட்டும்க்கா, அதுகளுக்கும் ஆசை இருக்கும்லா" என்றேன் நான். நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தவள், பேர் செல்லக்கனி. கட்டியவர் கடையையும் மகளையும் என் தலையில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அரிசி பருப்பு விற்கிற மாதிரியே அந்தத் தெருவுக்கு ரவையும் விற்பேன், உப்புமாவுக்கு அல்ல, மிருதங்கத்துக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு உச்சி வெயிலில் ஜெபமாலையக்காவின் வீட்டுக்காரர் அருளப்பனை ஒரு கோயில் மாடு தெருவில் விரட்டியது, அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், அவர் ஓட ஓடப் பட்டறை வாசலில் தொங்கிய தவில் தடதடவென்று அடித்தது, அவர் சைக்கிள் கடைப் படியில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் தவிலும் மூச்சு வாங்கி மெல்ல அடங்கியது. ஜெபமாலையக்கா தவிலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "இது என் வீட்டு ஆளாச்சே" என்றாள். இப்படித்தான் எங்கள் ஊர்க்காரர்களின் நெஞ்சு மேளங்களுக்குள் குடியேறியது எங்களுக்குத் தெரிய வந்தது. ஏன் குடியேறியது என்று கேட்காதீர்கள், வாடகைக்கு வந்தவன் ஏன் வந்தான் என்று வீடா கேட்கிறது.

சாயங்காலத்துக்குள் ஊரே பட்டறை வாசலில் நின்றது. ஒவ்வொருவராக உள்ளே போய் இருந்த இடத்திலேயே குதித்தார்கள், மூச்சைப் பிடித்தார்கள், எந்த மேளம் கூடவே குதிக்கிறது, எது திணறுகிறது என்று பார்த்துத் தன்னுடையதைக் கண்டுபிடித்து, பச்சைப்பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு போனார்கள். எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் தபால்காரருக்குக் கஞ்சிரா வாய்த்தது, அது கையகல மேளம், தோலில் தண்ணீர் தெளித்தால்தான் குரல் இறங்கும். அம்மன் கோயிலில் அருள் வந்து ஆடும் பவளாயிக்கு உடுக்கை, அதன் இடுப்பை அழுத்தினால் குரல் ஏறும், அதனால் அவள் புருஷன் அன்றிலிருந்து அவளிடம் கைகட்டித்தான் பேசினான். ஜவுளிக்கடை பரமசிவத்தின் நெஞ்சு தபேலாவில் இருந்தது. தபேலா இரண்டு துண்டு, ஒன்றுதான் பட்டறையில் இருந்தது, மற்றது ரயிலடித் தெருவில் எந்த வீட்டில் அடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவர் மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. இருப்பதிலேயே பெரிய பம்பை தன்னுடையதுதான் என்று கவுன்சிலர் அடம்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்கு மேடை மாலை போட்டு வைத்தார், அது உண்மையில் அரிசி ஆலைக் காவலாளியின் மனைவியுடையது. பாவம் அவள், ஒவ்வொரு பொதுக்கூட்டத்துக்கும் தனக்கு ஏன் மூச்சு முட்டுகிறதென்று தெரியாமல் சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. பயம் பின்னாலேதான் வந்தது, ஆனால் வந்தது போகவேயில்லை.

கணக்கு டீச்சர் வசந்தகோகிலத்தின் மேளம் பட்டறையில் இல்லை, அது எப்போதோ விற்றுப்போய் ஏதோ ஒரு பட்டணத்தில் யாரோ ஒரு வித்வானிடம் இருந்தது. அவர் கச்சேரிக்கு உட்காரும் சாயங்காலங்களில் டீச்சர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுப் பெஞ்சில் சாய்ந்துவிடுவாள், பாட்டுக்குக் கூடப் போகிற வரைக்கும் தாங்குவாள், பாடகர் ஒதுங்கிக்கொண்டு மிருதங்கத்தைத் தனியாக விடுகிறார்களே, அந்தத் தனி வந்துவிட்டால் அவள் நெஞ்சு விரல் வேகத்துக்கு ஓடும், முகம் நீலம் பாயும், நாங்கள் சுற்றி உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்ப்போம், கடைசித் தீர்மானம் மூன்று தடவை வந்து முடிந்ததும் அவள் கண்ணைத் திறந்து, "முடிஞ்சிடுச்சா?" என்பாள். சங்கீதம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற எங்கள் ஊர் தீர்மானம், கோர்வை எல்லாம் கற்றுக்கொண்டது இப்படித்தான். மார்கழிக் கச்சேரி வரப்போகிறது என்றாலே டீச்சரின் பெஞ்சில் தலையணை போட்டு வைத்தோம்.

பிறகு எலி. சைக்கிள் கடை நாகூரான் தன் டோலக்கைப் பழைய போர்வையில் சுற்றிப் பீரோ மேல்தான் வைத்திருந்தான், நல்ல மனுஷன், காற்றுப் பிடிக்கக் காசு வாங்கமாட்டான். ஒருநாள் மத்தியானம் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன், "நெஞ்சை யாரோ நறநறன்னு கடிக்கிறாங்க" என்றான், சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர்த் தொட்டி மேலேயே சாய்ந்தவன் எழவேயில்லை. போர்வையை உதறிப் பார்த்தால் டோலக்கின் தோலில் ஒரு விரல் போகிற அளவுக்கு ஓட்டை. அந்த மூதி எலி அதைத் தின்றது பசிக்குத்தான், பகைக்கு இல்லை, அதுதான் எங்களை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது.

அதற்குப் பிறகு ஊரில் பூனைக்கு வந்த மவுசு மருமகனுக்கு இல்லை. கதவைத் தட்டுவது நின்றது, கைதட்டுவது நின்றது, கல்யாணத்தில் ஐயர் கெட்டிமேளம் என்று பழக்கத்தில் சொன்னதும் பந்தல் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தது, அதிலிருந்து தாலி கட்டுகிற நேரத்துக்குத் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினோம். பங்குச் சாமியாரும் கோயில் குருக்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிப் பார்த்துவிட்டு, இரண்டு பேருடைய புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை என்று எழுந்து போனார்கள். தரகர்கள் ஜாதகத்துக்கு முன்னால் மேளத்தைக் கேட்டார்கள். மழைத்தூறல் விழுந்தால் துணிக்கு முன்னால் மேளத்தை உள்ளே எடுத்தோம், வெயில் ஏறினால் தோல் இழுத்துக்கொள்ளுமே என்று ஈரத்துணி போட்டோம், ஈரத்துணி போட்டால் தோல் தொய்ந்துவிடுமே என்று எடுத்தோம். பட்டறை வேலை நின்றுபோனது. எந்த மேளத்தை அவிழ்த்தாலும் அது ஒருவனுடைய நெஞ்சு, யார் அவிழ்ப்பார்கள்?

எனக்கு மட்டும் என் மேளம் கிடைக்கவில்லை. பட்டறைக்குள் குதித்துப் பார்த்தேன், மூச்சடக்கிப் பார்த்தேன், வீடு வீடாகப் போய்க் காதை வைத்துக் கேட்டேன், ஒன்றும் எனக்குப் பதில் சொல்லவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன். என் கவலை அதுவும் அல்ல. என் கவலை இசக்கி.

இசக்கி என் மகள். எங்கள் குலசாமி பேரை வைத்தேன், அந்த அம்மனுக்கு இருக்கிற வீரியத்தில் ஒரு கரண்டி கூட இவளுக்கு வரவில்லை. பிறக்கும்போதே நெஞ்சில் கோளாறு, நாலு படி ஏறினால் உதடு கறுக்கும், பள்ளிக்கூடத்தில் மற்றதுகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது இவள் அதுகளின் செருப்புக்குக் காவல் உட்கார்ந்திருப்பாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தங்கமான மனுஷர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓட மட்டும் விடாதீங்கம்மா, வளர வளரப் பார்ப்போம்" என்றார். அவளை வளரவிட்டால் போதும் என்றுதான் நானும் இசக்கியம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், வேறெதையும் நான் கேட்டதில்லை.

அவளுடைய நெஞ்சு ஒரு பழைய மிருதங்கத்தில் இருந்தது. யாரோ ஒரு வித்வான் தோல் மாற்றக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய் அங்கேயே தங்கிவிட, பட்டறை மூலையில் சாய்ந்து கிடந்த மேளம். ஜெபமாலையக்காதான் கண்டுபிடித்து, இசக்கியின் கையைப் பிடித்து இடது பக்கத் தோலில் வைத்தாள். தொப்பி என்பார்கள் அந்த முகத்தை, அகலமானது, அடிக்குரல் அதில்தான். காதை ஒட்டி வைத்தால்தான் கேட்டது, கொசுவலைக்குள் சிக்கிய பூச்சி மாதிரி ஒரு சின்னப் படபடப்பு. வலது முகத்தில் ஏற்கெனவே பஞ்சை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். "அந்தப் பக்கத்துக் கருப்பு பழசு, உதிரும். அவுக்காத கனி" என்றாள். நானும் அவிழ்க்கவில்லை.

ரவையைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா. மிருதங்கத்தின் வலது முகத்தில் கல்லுப்பொடியும் சோறும் குழைத்து வட்டமாகப் போட்ட கருப்பு எப்போதும் இருக்கும். இடது முகம் அப்படி இல்லை, அது வெறும் தோல், அப்படியே தட்டினால் கட்டை மாதிரி டொக்கென்னும். வாசிக்க உட்காரும்போது ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்பினால்தான் தொம்மென்று அடிவயிற்றிலிருந்து குரல் வரும். வாசித்து முடித்ததும் ரவையை வழித்துத் துடைத்துவிட வேண்டும். வழிக்காமல் விட்டால் காய்ந்து தோலைக் கவ்விக்கொள்ளும், ஈரமாகவே வைத்திருந்தால் தோல் ஊறி அழுகும். பூசினால் வழி, இது அந்தத் தெருவில் பால்குடி மறந்த எல்லாருக்கும் தெரியும். என்னிடம் ரவை வாங்க வருகிற புது ஆட்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெபமாலையக்கா கடைக்கு வந்தவள், "ஒரு பிடி ரவை பூசிப் பார்ப்போமா?" என்றாள். பிசைந்து அப்பினாள். அந்தப் பூச்சிப் படபடப்பு மெல்லக் கனத்துத் தொம், தொம் என்று இறங்கியது, புளி டின்னுக்குப் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த இசக்கி நிமிர்ந்து பார்த்தாள், அவள் உதட்டில் செம்பருத்தி நிறம் ஏறியது, எழுந்து மாடிப்படியில் ஏறினாள், இறங்கினாள், திரும்ப ஏறினாள், மேலே நின்றுகொண்டு, "எம்மா, மூச்சு வாங்கல!" என்று கத்தினாள். நான் கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜெபமாலையக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பொழுது சாய வழிச்சிடு கனி. நாளைக்கு வேணும்னா நாளைக்குப் பூசிக்கலாம். வழிச்சிடு" என்றாள்.

வழிப்பதற்குக் கத்தியை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இசக்கி முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள், ஒற்றைக்காலில் தவ்வித் தவ்விக் கட்டம் தாண்டிக்கொண்டிருந்தாள், பிறந்ததிலிருந்து நான் பார்க்காத ஆட்டம். இந்த ரவையை வழித்தால் அந்தக் கால் நின்றுவிடும். எந்தத் தாய் வழிப்பாள், சொல்லுங்கள் பார்ப்போம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரவையின் மேல் ஈரத்துணியைப் போட்டேன். மறுநாளும் போட்டேன். உதிர்ந்த இடத்தில் புதிதாகப் பிசைந்து வைத்தேன், புளித்த வாடை வந்தது, சாம்பிராணி போட்டேன், எறும்பு வந்தது, மஞ்சள்பொடியால் கோலம் போட்டேன். இசக்கி சாப்பிட்டாள், சண்டை போட்டாள், கன்னத்தில் சதை வைத்தது. அவள் தேறத் தேற எனக்குப் பயம்தான் அதிகமானது, பயம் அதிகமாக ஆக ரவையைத்தான் அதிகமாக அப்பினேன்.

சரக்கு எடுக்க டவுனுக்குப் போன அன்று பஸ் வழியில் நின்றுவிட்டது. வெயில் என்றால் அப்படியொரு வெயில். நான் வீட்டுக்குள் நுழையும்போது இசக்கி சுவரில் சாய்ந்து மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள், கண் மட்டும் அசைந்தது. "எம்மா, இறுக்குது" என்றாள், உதட்டை அசைக்காமல். மேளத்தில் போட்ட துணி காய்ந்து சருகாகக் கிடந்தது, ரவை அடிப்பிடித்த தோசை மாதிரித் தோலைக் கவ்வியிருந்தது. தண்ணீரைத் தெளித்தேன், கத்தியை எடுத்தேன், என் கை நடுங்கிய நடுக்கத்தில் ரவைப் பொருக்கோடு தோலின் மேல்படலமும் உரிந்து வந்தது, ஓரத்தில் மயிர் போல ஒரு கீறல் விழுந்தது. இசக்கி "ஆ" என்றாள், அவ்வளவுதான், சத்தமாகக்கூட இல்லை.

விறைப்பு விட்டது, ஆனால் அன்றிலிருந்து அவள் நெஞ்சு ஒவ்வொரு அடிக்கும் சர் சர் என்று கிழிசல் துணி காற்றில் அடிக்கிற சத்தம் போட்டது. மறுநாள் காலையில் விரல்நகம் அளவு இருந்த கீறல் சாயங்காலம் விரல் அளவுக்கு வந்திருந்தது.

மேளத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். ஜெபமாலையக்கா பார்த்த மாத்திரத்தில் என்னைத் திட்டினாள், நான் கேட்க வேண்டியதுதான், "ரவை விக்கிறவளே இப்படிப் பண்ணுவியா, பூசினா வழிக்கணும்னு உனக்குத் தெரியாதா, பெத்தவதானே நீ" என்று கண்ணில் தண்ணீர் வழியத் திட்டினாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள், "தோல் மாத்தணும். வேற வழியே இல்ல."

"மாத்துக்கா."

"இந்த ஊர்ல இன்னும் ஒருத்தரும் மாத்தல கனி. பழைய தோலை எடுத்துப் புதுத் தோலைக் கட்டுற வரைக்கும் அந்த நெஞ்சு எங்க இருக்கும்? எனக்குத் தெரியாது."

"நாளைக்கு அந்தக் கிழிசல் மறு ஓரத்துக்குப் போயிரும்க்கா. மாத்து."

அவள் வலது முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள், பஞ்சை எடுத்தாள். உள்ளேயிருந்து நிதானமாக, கனமாக, கொஞ்சம் படபடப்போடு ஒரு அடி கேட்டது. அவள் விரல் நகத்தால் அந்தத் தோலை லேசாகச் சுண்டினாள். என் மார்புக்குள் சுண்டியது.

"மொத நாளே தெரியும் எனக்கு" என்றாள். "நான் இதைத் தட்டினேன், எதுத்தாப்ல நீ தராசை விட்டுட்டு நெஞ்சைப் புடிச்ச. பெத்தவளும் புள்ளையும் ஒரே கட்டையில தொங்குறீங்கன்னு வாயால சொல்லப் பயமா இருந்துச்சு, அதான் நீ உள்ள வர்றதுக்கு முந்தியே பஞ்சை வச்சிக் கட்டிட்டேன்."

மேளத்தின் இரண்டு முகத்தையும் இழுத்துப் பிடித்திருப்பது ஒரே வார், எருமைத்தோலில் அறுத்த ஒரே நீள வார், இந்த முகத்து ஓட்டையில் நுழைந்து அந்த முகத்து ஓட்டையில் வெளிவந்து சுற்றிச் சுற்றி வரும். இடது முகத்தை எடுக்க வேண்டும் என்றால் வாரை உருவ வேண்டும், உருவினால் இரண்டு முகமும் சேர்ந்துதான் விழும். திரும்பக் கட்டும்போது புதுத்தோல் விறைப்பாக இருக்கும், அதற்கு நல்ல இழுப்பு வேண்டும். அந்த இழுப்பு முழுக்க வலது பக்கத்துப் பழைய தோலின் மேல்தான் விழும். அதையும் புதிதாகப் போடலாமே என்றால், கருப்பு ஏற்றிக் காயவைக்க நாள் கணக்காகும், அதுவரைக்கும் எங்கள் இரண்டு பேர் நெஞ்சும் அவிழ்ந்தே கிடக்க வேண்டும். இதையெல்லாம் ஜெபமாலையக்கா சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், வியாபாரத்துக்கும் கொழுந்தனாருக்கும் நடுவே மாட்டிக்கொண்டதற்கெல்லாம் சொல்லியிருப்பேன்.

பயந்தேன். மகளுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று எந்தத் தாயும் சொல்வாள், நானும் சொல்லியிருக்கிறேன், ஆனால் அந்த உயிர் கண்ணுக்கு முன்னால் நைந்த தோலாகத் துடிப்பதைப் பார்த்தபோது எனக்குச் சாகப் பயமாக இருந்தது. நான் போய்விட்டால் இவளுக்கு யார் என்ற பயமும் இருந்தது, ஆனால் அது இரண்டாவதுதான் வந்தது, முதலில் வந்தது வெறும் பயம்.

"இசக்கிக்குச் சொல்லாதக்கா" என்றேன். "எப்ப மாத்துவ?"

மறுநாள் முற்பகலில் பட்டறையில் பாய் விரித்து எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாள். அம்மாவை எதற்குப் படுக்க வைக்கிறீர்கள் என்று இசக்கி கேட்டதற்கு, "ஒங்கம்மா நின்னா மயங்கி வுழுந்துடுவா, அவ வுழுந்தா தூக்க எனக்கு முதுகு இல்ல" என்றாள். ஊர் தெரிந்துகொண்டது, எப்படியென்று தெரியவில்லை. வாசல் நிறைய ஆட்கள், ஒவ்வொருவர் கையிலும் அவரவர் மேளம், தபால்காரர் கஞ்சிராவை மார்போடு அணைத்துக்கொண்டு, பவளாயி உடுக்கையை முந்தானையில் மூடிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வந்தது எங்களுக்காக மட்டும் இல்லை, அவிழ்த்த மேளத்தில் நெஞ்சு திரும்ப வருமா என்று பார்க்கத்தான் வந்தார்கள், நாளைக்கு அவர்கள் தோலும் கிழியுமே. கணக்கு டீச்சர் மட்டும் உள்ளே வந்து என் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜெபமாலையக்கா சிலுவை போட்டுக்கொண்டு வாரின் முடிச்சைத் தளர்த்தினாள்.

முதல் ஓட்டையிலிருந்து வார் வழுகி வந்தபோது விரல் நுனியெல்லாம் மரத்தது. பிறகு முழங்கால் போனது, பிறகு நாக்கு. வாசலில் நின்றவர்களின் சத்தம் தூரப் போனது. இசக்கியின் கை என் கைக்குள் இருந்தது, அது சில்லிட்டுக்கொண்டே வந்தது, இறுக்கிப் பிடிக்கப் பார்த்தேன், பிடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு முகமும் கழன்று தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் கட்டைக்குள் இருந்தேன்.

அதுதான் எனக்குத் தெரியும், அதைத்தான் சொல்ல முடியும். இருட்டு, பலாமர வாசம், இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. அடிப்பு இல்லை. பக்கத்தில் இசக்கி இருந்தாள், உடம்பாக இல்லை, ஆனால் என் பிள்ளையை எனக்குத் தெரியாதா. இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதே, இவள் எந்தப் பக்கமாவது வெளியே போய்விடுவாளே என்று எனக்குக் கிலி பிடித்தது. குறுக்கே நிற்கக் கால் இல்லை, கூப்பிட வாய் இல்லை, இருந்தாலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், ஏட்டி, ஏட்டி, எங்கயும் போவாத, ஏட்டி.

பிறகு இடது பக்க வெளிச்சம் அடைந்தது. வார் நுழைகிற உரசல், ஜெபமாலையக்கா கட்டையில் காலை உதைத்து இழுக்கிற முனகல், ஓரத்தில் கல்லால் தட்டுகிற சத்தம். தொம் என்றது. பக்கத்தில் இருந்தவள் பக்கத்தில் இல்லை, வெளியே எங்கோ "எம்மா" என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் என்னுடைய பக்கம் அடைந்தது. எனக்கு மூச்சு வந்தபோது முகத்துக்கு நேரே ஜெபமாலையக்காவின் முகம், வேர்வை சொட்டியது.

"உனக்கு இதோட போதும் கனி" என்று காதுக்குள் சொன்னாள். "இதுக்கு மேல இழுத்தா உன் தோல் தாங்காது."

"அவளுக்குப் போதுமா?"

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். "நடப்பா. ஓடணும்னா இன்னும் ஒரு இழுப்பு வேணும்."

"இழு."

"கனி."

"இழுன்னு சொல்லுதேன்லா!"

இழுத்தாள்.

இப்போது ஊரில் தோல் மாற்றுவது சகஜமாகிவிட்டது, கவுன்சிலர்கூட உண்மையான தன் மேளத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அது ஒரு விளையாட்டுப் பறையாக இருந்ததில் வருத்தப்பட்டு, ஆனாலும் தோல் மாற்றிக்கொண்டார். எங்கள் மிருதங்கத்தை மட்டும் மறுபடி அவிழ்க்க நான் விடவில்லை, அது கடையில் பருப்பு மூட்டைக்கு மேல் பலகையில் இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு பூனை. ரவை பூசுவது பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி இருக்கிற அன்று மட்டும்தான், பொழுது சாய்வதற்குள் நானே வழித்துவிடுகிறேன், கை நடுங்காமல்.

இசக்கி ஓடுகிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் மத்தளக்காரத் தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனைவரைக்கும் பையை முதுகில் அடிக்கவிட்டு ஓடிவருகிறாள், அவள் ஓட ஓட இடது முகம் துள்ளுகிறது, வார் இறுகுகிறது, வலது முகத்தில் கருப்பு மெல்லப் பொடிப்பொடியாக உதிர்கிறது, நான் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தெருவில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது; தெரிந்தால் நின்றுவிடுவாள், எனக்கு இருக்கிற பயமெல்லாம் இப்போது அது ஒன்றுதான். அவள் ஓடும்போது தெருவில் ஒருவரும் அவளைப் பார்ப்பதில்லை. பட்டறை வாசலில் ஜெபமாலையக்கா, படியில் அருளப்பன், எதிர்வரிசையில் தபால்காரர், எல்லாரும் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு என்னைத்தான் பார்க்கிறார்கள்.

நேற்று அவள் பாதித் தெருவில் சட்டென்று நின்றுவிட்டாள். அவர்களைப் பார்த்தாள், அவர்கள் பார்க்கிற திக்கில் என்னைப் பார்த்தாள்.

"எம்மா, ஏன் எல்லாரும் உன்னையே பாக்காக? உனக்கு என்னமும் பண்ணுதா?"

வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டேன். மூச்சு கொஞ்சம் வரட்டும் என்று ரவை மூட்டையில் கையை ஊன்றி நின்றேன்.

"ஒண்ணும் பண்ணல. நின்னுட்ட பாத்தியா, அதான் பாக்காக" என்றேன். "ஏட்டி, ஓடு."